பதில் வருகிற கருவியாக வாங்கு

சேக்ரமென்டோ
ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பில் வேறு வேலை பார்ப்பாய். அதனால் எழுதியே அனுப்பிவிடுகிறேன்.

ஜான் மியூர் டிரெயிலுக்கு பெர்மிட் கிடைத்தது பெரிய விஷயம்தான். வருஷா வருஷம் லாட்டரியில் பெயர் போட்டுவிட்டு ஏமாந்துபோகிறவர்கள் எத்தனை பேர்! யோசெமிட்டி பள்ளத்தாக்கிலிருந்து விட்னி சிகரம் வரை ஏறக்குறைய 340 கிலோமீட்டர், அதுவும் தனியாக. போகாதே என்று சொல்லமாட்டேன். சொன்னாலும் நீ கேட்கிற ஆளில்லை. ஆனால் நேற்று நீ போகிறபோக்கில் சொன்னது மனசைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. "சாட்டிலைட் கருவி எதுக்குக்கா, ஐபோன்லயே இருக்கு. உனக்கு ரொம்பப் பயமா இருந்தா ஆபீஸ் ஃபிரெண்டு ஒருத்தன் பழைய ஸ்பாட் வெச்சிருக்கான், வாங்கிட்டுப் போறேன்." எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய ஸ்பாட்டால் அது தீராது.

முதலில் ஐபோன். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2022 நவம்பரில் அதில் சாட்டிலைட் வழியாக உதவி கேட்கிற வசதி வந்தது. அடுத்த மாதமே, லாஸ் ஏஞ்சலஸுக்கு மேலே ஏஞ்சலஸ் தேசிய வனத்தில் ஒரு கார் சுமார் 300 அடிப் பள்ளத்தில் விழுந்து, உள்ளே இருந்த இருவரும் அந்தப் போன் வழியாகத்தான் தகவல் சொல்லி, ஹெலிகாப்டரில் மீண்டார்கள். இப்போது 911-க்கு மட்டுமல்ல, எனக்கே சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்பலாம் என்பதும் தெரியும். எல்லாம் சரி. ஆனால் மலையில் உனக்கு மேப் அந்தப் போன்தான், கேமரா அதுதான், ராத்திரி கூடாரத்துக்குள் பாட்டுக் கேட்பதும் அதில்தான். 3,000 மீட்டருக்கு மேலே ஆகஸ்டிலும் சில இரவுகளில் பாட்டில் தண்ணீர் உறையும்; குளிரில் பேட்டரி என்ன வேகத்தில் இறங்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, சாட்டிலைட் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகப் போனைப் பிடித்து, திரை சொல்கிறபடி நகர்த்திக்கொண்டே நிற்க வேண்டும். வலது மணிக்கட்டு முறிந்தவன் நனைந்த திரையில் இடது கையால் இதையெல்லாம் செய்வதாக நினைத்துப் பார். போனை இரண்டாவது வழியாக வைத்துக்கொள். அதை மட்டுமே நம்பிப் போகாதே.

போனில் இன்னொரு குறையும் இருக்கிறது. நீ எடுத்துக் கேட்டால்தான் அது பேசும். தோள்வாரில் மாட்டுகிற கருவி அப்படியில்லை. நடக்க நடக்க 10 நிமிடத்துக்கு ஒரு புள்ளியை அனுப்பிக்கொண்டே போகும். நீ விழுந்து, பொத்தானை அமுக்கவே முடியாத நிலையில் கிடந்தாலும் கடைசிப் புள்ளி என் கையில் இருக்கும். தேடப் போகிறவர்கள் ஒரு மலைத்தொடர் முழுவதையும் அலசாமல் ஒரு சரிவிலிருந்து ஆரம்பிக்கலாம். 2013-ல் மெய்ன் மாநிலத்தில், அப்பலாச்சியன் டிரெயிலில் ஒரு 66 வயதுப் பெண்மணி ஒன்றுக்குப் போகத் தடத்தைவிட்டு ஒதுங்கியவர், திரும்பி வர வழி தெரியாமல் காட்டுக்குள் மாட்டிக்கொண்டார். வழி தவறிவிட்டேன் என்று கணவருக்குப் போனில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். சிக்னல் இல்லாததால் ஒன்றுகூடப் போகவில்லை. குறைந்தது 26 நாள் அந்தக் கூடாரத்தில் உயிரோடு இருந்திருக்கிறார். உடல் கிடைத்தது 2015 அக்டோபரில். அனுபவம் இல்லாதவர் இல்லை தம்பி. அந்தத் தடத்திலேயே நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்தவர்.

இனி உன் நண்பனுடைய ஸ்பாட். 2007-ல் அந்தக் கருவி வந்தபோது பெரிய அதிசயம், மறுக்கவில்லை. ஆனால் பழைய ஸ்பாட் ஒருவழிக் கருவி. 'நலம்', 'உதவி', 'எஸ்.ஓ.எஸ்.' என்று பொத்தான்கள் இருக்கும், அமுக்கலாம், அதோடு சரி. கிணற்றுக்குள் விழுந்தவன் கத்துவது மாதிரி, மேலே யார் காதிலாவது விழுந்ததா என்று அமுக்கினவனுக்குத் தெரியாது. அது போகட்டும், சந்தா இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டாயா? சந்தா தீர்ந்த கருவியில் எஸ்.ஓ.எஸ். பொத்தான் வெறும் பிளாஸ்டிக். சந்தா இருந்தாலும் பதிவு அவன் பெயரில். நீ மியூர் கணவாயில் காலை உடைத்துக்கொண்டால் மீட்பு மையம் போன் போடுவது அவன் மனைவிக்கு. அவர் "என் வீட்டுக்காரர் ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறார்" என்பார்! இரவல் வாங்குவதானால் கணக்கில் பெயர், அவசரத் தொடர்பு எல்லாவற்றையும் மாற்றித்தான் வாங்க வேண்டும். அதற்குப் புதிதே வாங்கிவிடலாம்.

சந்தாவே இல்லாத கருவி ஒன்றும் உண்டு: பர்சனல் லொகேட்டர் பீக்கன், சுருக்கமாக பி.எல்.பி. எனக்கு அதன்மேல் தனி மரியாதை. 406 மெகாஹெர்ட்ஸில் கத்துகிற சின்னப் பெட்டி. அதன் பின்னால் இருப்பது காஸ்பாஸ்-சார்சாட் என்ற அரசுகளின் ஏற்பாடு. பனிப்போர் உச்சத்தில், 1979-ல், அமெரிக்காவும் சோவியத் யூனியனும் கனடாவும் பிரான்சும் சேர்ந்து ஆரம்பித்தது. 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்த ஒரு சின்ன விமானத்தின் சமிக்ஞையைப் பிடித்தது சோவியத் செயற்கைக்கோள். மூன்று உயிர் பிழைத்தது. இன்று நம் பெங்களூரிலும் லக்னோவிலும் அதற்குத் தரை நிலையங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் நோவா என்ற அரசு அமைப்பிடம் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஐந்து வருஷம் அலமாரியில் கிடந்தாலும் பேட்டரி நிற்கும். முடுக்கிவிட்டால் குறைந்தது 24 மணி நேரம் கத்தும். பக்கத்தில் வந்த ஹெலிகாப்டர் மோப்பம் பிடித்து வருவதற்கு 121.5-ல் தனிச் சமிக்ஞையும் உண்டு. சார்ஜ் போட மறக்கிறவர்களுக்கும் சந்தா கட்ட மறக்கிறவர்களுக்கும் இதைவிட நல்லது கிடையாது. அப்பாவுக்கு வாங்குவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் வாங்குவேன்.

உனக்கு வேண்டாம் என்கிறேன். பி.எல்.பி.யும் கேள்வி கேட்காது, பதில் சொல்லாது. சில புதிய மாடல்களில் சமிக்ஞை கிடைத்தது என்று ஒரு ஒப்புகை வருகிறது, அதற்கு மேல் இல்லை. நீ பாறையில் கிடக்கிறாய் என்று வை. உனக்குத் தெரிய வேண்டியது என்ன? வருகிறார்களா, எப்போது வருகிறார்கள். இன்றைக்கே என்றால் இருக்கிற தண்ணீரைக் குடிக்கலாம். மேகம் இறங்கிவிட்டது, நாளைக் காலைதான் ஹெலிகாப்டர் என்றால் இருட்டுவதற்குள் ஊர்ந்தாவது போய்த் தூக்கப்பையை விரிக்க வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் அப்படித்தான். தலையில் அடியா, காலில் அடியா, ரத்தம் நிற்கிறதா, தரையில் இறங்க இடம் இருக்கிறதா, கயிற்றில் இறங்க வேண்டுமா, இதெல்லாம் தெரிந்து கிளம்புகிற குழுவும் ஒரு புள்ளியை மட்டும் வைத்துக் கிளம்புகிற குழுவும் ஒன்றில்லை. 4,000 மீட்டரில் தலைவலியும் வாந்தியும் வந்தால் பல சமயம் ஹெலிகாப்டரே தேவைப்படாது. "இப்போதே 500 மீட்டர் கீழே இறங்கு" என்ற ஒரு வரி போதும். அந்த வரி வந்து சேருகிற கருவியாக வாங்கு.

என் கணக்கில் கார்மின் இன்ரீச் மினி 2. 100 கிராம்தான், உள்ளங்கையில் அடங்கும். 2022-ல் வந்தபோது விலை சுமார் 400 டாலர், தள்ளுபடியில் குறையும். சந்தா மாதாமாதம் கட்ட வேண்டும், ஆரம்பக் கட்டணம் தனி. பயணம் முடிந்ததும் நிறுத்திவிடு. ஆனால் கிளம்புகிற அன்று அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இன்ரீச் பேசுவது இரிடியம் செயற்கைக்கோள்களோடு. 66 செயற்கைக்கோள்கள், சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்துக்குத் துருவம் சுற்றுகின்றன. ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றிக்கொள்ளும். ஸ்பாட்டும் ஐபோனும் நம்பியிருக்கிற குளோபல்ஸ்டார் அப்படியில்லை. அது உன் செய்தியை அப்படியே தரை நிலையத்துக்குத் திருப்பிவிடும். நீயும் தரை நிலையமும் ஒரே நேரத்தில் அதன் பார்வையில் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்குள் அது பெரிய குறையில்லை. வானம் குறுகித் தெரிகிற ஆழமான பள்ளத்தாக்கில் இரிடியம், குளோபல்ஸ்டார் இரண்டுமே திணறும். ஒரு செய்தி போக ஒரு நிமிடமும் ஆகலாம், இருபது நிமிடமும் ஆகலாம். அனுப்பிவிட்டுப் பதறாதே, ஆன்டெனாவை வானத்துக்குக் காட்டி வைத்துவிட்டுக் காத்திரு.

குறை இல்லாமல் இல்லை. அந்தக் குட்டித் திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிச் செய்தி எழுதுவது பெரிய தண்டனை. போனோடு புளூடூத்தில் இணைத்து அதில் தட்டலாம். போன் செத்துவிட்டாலும் எஸ்.ஓ.எஸ். கருவியிலேயே வேலை செய்யும். ஸோலியோ என்று இன்னொன்று இருக்கிறது. அதுவும் இரிடியம்தான், கொஞ்சம் மலிவு, ஆனால் எழுதவும் படிக்கவும் போன் இல்லாமல் முடியாது. உன் அத்தான் அதைத்தான் சிபாரிசு செய்கிறார். அத்தான் இதுவரை ஏறிய உயரமான இடம் டாஹோவில் கேபிள் கார் நிற்கிற மேடை.

இன்ரீச்சில் நீ எஸ்.ஓ.எஸ். அமுக்கினால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள். டெக்சாஸில் ராத்திரி பகல் ஆள் இருக்கிற ஒரு மையத்துக்கு உன் இடம் போகும். அவர்கள் உன்னிடம் என்ன ஆச்சு என்று கேட்பார்கள், அவசரத் தொடர்பில் இருப்பவர்களைக் கூப்பிடுவார்கள், அந்த இடத்துக்குப் பொறுப்பானவர்களிடம் ஒப்படைப்பார்கள். கலிஃபோர்னியாவில் அது அந்தந்தக் கவுன்டியின் ஷெரீஃப். யோசெமிட்டியும் செக்கோயா-கிங்ஸ் கேன்யனும் என்றால் பூங்கா ரேஞ்சர்கள். தேசியப் பூங்காக்கள் தேடி மீட்பதற்குப் பொதுவாகக் காசு கேட்பதில்லை. ஆனால் மருத்துவமனைக்குத் தனியார் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸில் கொண்டுபோனால் பில் வரும். உன் இன்சூரன்ஸைப் பார்த்து வை.

அவசரத் தொடர்பில் இருப்பவர்களைக் கூப்பிடுவார்கள் என்றேனே, அதனால்தான் அதில் அப்பா நம்பரைப் போடாதே என்கிறேன். இங்கே மத்தியானம் 2 மணி என்றால் அம்பாசமுத்திரத்தில் பின்னிரவு இரண்டரை. தெரியாத அமெரிக்க நம்பர், ஆங்கிலத்தில் யாரோ "உங்கள் மகன்..." என்று ஆரம்பித்தால் அப்பாவுக்கு அங்கேயே நெஞ்சுவலி வந்துவிடும். அம்மாவோ எந்த வெளிநாட்டு நம்பர் வந்தாலும் "மோசடிக்காரன்" என்று கட் பண்ணிவிடுகிறாள், நாம் சொல்லிக்கொடுத்ததுதான். என் பெயரையும் அத்தான் பெயரையும் போடு. எங்களிடம் உன் முழுத் திட்டமும் இருக்க வேண்டும்: எந்தத் தேதி எங்கே தங்கல், எங்கே சாப்பாட்டுப் பார்சல், நடுவில் இறங்குவதானால் எந்த வழி, கூடாரம் என்ன நிறம், சட்டை என்ன நிறம், என்ன மாத்திரை ஒத்துக்காது. ஷெரீஃப் ஆபீஸில் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

எதற்கு அமுக்குவது என்பதிலும் தெளிவாக இரு. 2009-ல் கிராண்ட் கேன்யனில் இரண்டு அப்பாக்கள் தங்கள் மகன்களோடு போய் ஸ்பாட்டை மூன்று தரம் அமுக்கினார்கள். முதலில் தண்ணீர் இல்லை என்று; ஹெலிகாப்டர் வருவதற்குள் தண்ணீர் கிடைத்துவிட்டது. இரண்டாம் தரம், கிடைத்த தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று. அதுவும் ராத்திரியில்! மூன்றாம் தரம் வந்த ரேஞ்சர்கள் ஏற்றிக்கொண்டு போய்க் குழுத் தலைவர்மேல் வழக்குப் பதிந்தார்கள். இந்தக் கருவி இல்லாவிட்டால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டதற்கு, இந்த நடைக்கே வந்திருக்கமாட்டோம் என்றாராம். இந்தக் கதையைப் படித்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ராத்திரி ஹெலிகாப்டரை ஓட்டின ஆளைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. உயிர் போகும், கை கால் போகும், கண் போகும் என்றால் யோசிக்காமல் அமுக்கு. கூச்சப்படாதே, அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். முட்டி வலி, சாப்பாடு தீர்ந்தது, பயமாக இருக்கிறது என்றால் எனக்கு எழுது. தெரியாமல் அமுங்கிவிட்டால் கருவியை அணைக்காதே, ரத்து என்று சொல்லி அவர்கள் பதில் வரும்வரை காத்திரு. அணைத்துவிட்டால் நீ ஆபத்தில் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது நம் இருவருக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம். புள்ளி நின்றுபோனால் எல்லாருக்கும் கெட்டதுதான் முதலில் தோன்றும். பேட்டரி தீர்ந்திருக்கும், மரத்தடியில் படுத்திருப்பாய், டிராக்கிங் போட மறந்திருப்பாய். இங்கே நான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பேன். அதனால்தான் இந்த ஒப்பந்தம். முன்கூட்டியே எழுதிவைக்கக் கருவியில் மூன்று செய்திக்கு இடம் இருக்கிறது. ஒன்று, இன்றைக்கு இங்கே தங்கல், எல்லாம் நலம். இரண்டு, தாமதம், கவலை வேண்டாம். மூன்று, திட்டம் மாறிவிட்டது, விவரம் பின்னால். சாயங்காலம் கூடாரம் போட்டதும் முதல் செய்தி வந்தால் போதும். ஒரு சாயங்காலம் வராவிட்டால் நான் ஒன்றும் செய்யமாட்டேன். அடுத்த சாயங்காலமும் வராவிட்டால், புள்ளியும் நகராவிட்டால், ஷெரீஃபைக் கூப்பிடுவேன். இதில் நீ கோபப்படக் கூடாது. பகலெல்லாம் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டேன் என்று நானும் வாக்குத் தருகிறேன். காப்பாற்றுவேனா தெரியாது. அந்த மேப் லிங்கை மட்டும் ஊருக்கு அனுப்பிவிடாதே. அம்மா அதைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்கவே மாட்டாள். அவர்களுக்கு நான் வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொள்கிறேன்.

பதில் வருவதால் இன்னொரு நன்மை, இங்கிருந்து நானும் உனக்குச் சொல்லலாம். 2020 செப்டம்பரில் 'கிரீக்' என்று பெயரிட்ட காட்டுத்தீ பற்றியபோது மேமத் பூல் நீர்த்தேக்கத்தில் மாட்டிக்கொண்ட 200-க்கும் மேற்பட்டவர்களை ராணுவ ஹெலிகாப்டர்கள் ராத்திரியோடு தூக்கி வந்தன. நீ பார்சல் அனுப்பப் போகிற வெர்மிலியன் வேலி இருக்கிற லேக் எடிசன் பக்கம் சிக்கியவர்களிடம் போன ஹெலிகாப்டர்கள் புகையில் வழி தெரியாமல் முதலில் திரும்ப வேண்டியிருந்தது. கருவியில் வானிலை கேட்டு வாங்கலாம். தீ எங்கே, எந்தத் தடம் மூடியிருக்கிறது என்பதை நான் பார்த்து எழுதுகிறேன்.

கருவியைப் பைக்குள் போட்டுவிடாதே. ஆறு கடக்கும்போது இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டுத்தான் இறங்குவாய். கால் வழுக்கினால் பை போய்விடும், அதோடு கருவியும். நடக்கும்போது தோள்வாரில் இருக்கட்டும், தண்ணீரில் இறங்குமுன் சட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடு. 2017-ல் பனி மிக அதிகம். அந்தக் கோடையில் சியராவில் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் நடந்த இரண்டு பெண்கள் ஆற்றில்தான் போனார்கள். உன் தடமும் பெரும்பாலும் அதே தடம். ஆகஸ்டில் தண்ணீர் இறங்கியிருக்கும். ஆனாலும் அந்த மாதிரி இடத்தில் எந்தச் சாட்டிலைட்டும் உன்னைப் பிடித்து நிறுத்தாது. காலையில் நீர் குறைவாக இருக்கும்போது கடந்துவிடு. பயமாக இருந்தால் யாராவது வரும்வரை கரையில் உட்கார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறாய் அல்லவா, அதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவி உன் ஊர்ப் பயணப் பெட்டிக்குள் போகக் கூடாது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் இதை வைத்திருப்பதே குற்றம். 1885 தந்திச் சட்டமும் 1933 கம்பியில்லாத் தந்திச் சட்டமும் காட்டி வழக்குப் போட்டிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கனடாவிலிருந்து வந்த ஒரு ஓட்டக்காரப் பெண்மணியை இன்ரீச் வைத்திருந்ததற்காகப் பிடித்து வைத்தார்கள். பாதுகாப்புக்கு எடுத்துவந்தேன் என்று சொல்லிப் பயனில்லை. அகத்தியர் மலை ஏற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அங்கே வனத்துறை அனுமதியும் கூட வருகிற வழிகாட்டியும்தான் உனக்குக் கருவி.

இந்த வாரத்துக்குள் வாங்கிவிடு. வாங்கினதும் திறந்த வெளியில் வைத்து ஆக்டிவேட் பண்ணு, மென்பொருளைப் புதுப்பி, பால்கனியிலிருந்து எனக்கு ஒரு செய்தி அனுப்பு, நான் பதில் போடுகிறேன். எஸ்.ஓ.எஸ். பொத்தானை மட்டும் சோதித்துப் பார்க்காதே. பிறகு ஏதாவது ஒரு சனிக்கிழமை பக்கத்து மலைக்குப் போய் மரத்தடியிலும் பள்ளத்திலும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார். பணம் நான் தருகிறேன், பிறந்தநாள் பரிசு என்று வைத்துக்கொள். சந்தா உன் செலவு.

அப்பாவிடம் இந்தப் பயணத்தைப் பற்றி நீயேதான் சொல்ல வேண்டும். நான் சொல்லமாட்டேன். அவர் கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
அக்கா

பி.கு. கூடாரம் இன்னும் வாங்கவில்லை என்றால் பச்சையும் சாம்பலும் வேண்டாம். ஆரஞ்சு வாங்கு.